அடையாள அட்டையில் ‘இந்தியர்’, மருந்துச் சீட்டில் ‘ஆசியர்’

வாசகியின் கடிதம்

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் 41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை தமிழர், தாயார் சீனர். அடையாள அட்டையில் ‘இந்தியர்’ என்று இருக்கிறது. கணவர் மலையாளி. 12 வயது மகனுக்கு வலிப்பு நோய் என்று அண்மையில் உறுதியாகியிருக்கிறது. கார்பமசெபின் என்ற மாத்திரையைத் தொடங்கலாம் என்ற நரம்பியல் மருத்துவர், அதற்குமுன் ரத்தத்தில் ஒரு மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருக்கிறார். “அது சீனர்களுக்கு வருகிற கோளாறு. பையன் இந்தியன்தானே, எதற்கு வீண் செலவு? நாளைக்குக் காப்புறுதி எடுக்கும்போதும் தொல்லை” என்று நாத்தனார் தடுக்கிறாராம்.

வாசகிக்கும் கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) லிட்டருக்கு 4.6 மில்லிமோல் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் ரொசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் கொடுத்து, “ஆசியர்களுக்கு இதுதான் தொடக்கம்” என்றிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அவருடன் வேலை பார்க்கும் வெள்ளைக்காரத் தோழிக்கு 20 மில்லிகிராம். வாசகியின் உயரம் 158 சென்டிமீட்டர், எடை 60 கிலோ. “உங்கள் ஆட்களுக்கு இதுவே அதிகம். பிரியாணி, புரோட்டாவைக் குறையுங்கள்” என்ற பேச்சு அவரை நோகடித்திருக்கிறது. வீட்டில் சமைப்பது அவருடைய சீன அம்மா.

இனம் என்பது மனிதர்கள் வகுத்த ஒன்று, அமெரிக்காவில் சிறுநீரகக் கணக்கிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள் என்று அவர் படித்திருக்கிறார். என் இனத்தைப் பார்க்காமல் வைத்தியம் செய்யுங்கள் என்று கேட்கலாமா, அட்டையில் இரட்டை இனமாக மாற்றிக்கொண்டால் சரியாகுமா, கறுத்த நிறமுள்ள 74 வயது அப்பாவின் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை நம்பலாமா என்பவை மற்றக் கேள்விகள். அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய்.

மருத்துவரின் பதில்

அன்புச் சகோதரி, நீங்கள் படித்தது சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு பாதிதான் சரி. அந்த மறுபாதியில் உங்கள் மகனின் பாதுகாப்பு அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் நாம் நிரப்பும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு கட்டங்கள் ரத்தத்தை ஆராய்ந்து வந்தவை அல்ல. பிரிட்டிஷார் காலக் குடிமதிப்பிலிருந்து வளர்ந்த நிர்வாக வகைகள் அவை. இன்றும் குடிமதிப்பில் ‘இந்தியர்’ என்றால் தமிழர், மலையாளி, பஞ்சாபி, வங்காளி மட்டுமல்ல, பாகிஸ்தான், பங்ளாதேஷ், இலங்கை வம்சாவளியினரும் சிங்களவரும்கூட அதில் அடக்கம். மரபணுவைப் பார்த்தாலும், மனிதருக்குள் இருக்கும் வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே சமூகத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972லேயே அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆனாலும் நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பொறுத்துச் சில மரபணு வகைகள் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் கிடைக்கின்றன. அது உண்மை. மருத்துவப் படிவத்தில் உள்ள ‘இனம்’ என்ற கட்டம் பல சமயம் அதற்குப் பதிலாள். சில சமயம் தோல் நிறத்துக்கு, வேறு சில சமயம் சாப்பாட்டுக்கும் வருமானத்துக்கும்கூட அதுவே பதிலாள். ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் ‘இந்தியர்’ என்ற சொல் எதற்குப் பதிலாக நிற்கிறது, அந்த அசலையே நேராக அளக்க முடியுமா? முடியுமென்றால் அளந்துவிடுங்கள். முடியாதென்றால் அந்தச் சொல்லைத் தோராயமான குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் நம்பக்கூடாது.

மகனின் மருந்து: இதில் தாமதம் வேண்டாம்

மருத்துவர் கேட்பது எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருக்கிறதா என்ற பரிசோதனை. இந்த வகை உள்ளவர்கள் கார்பமசெபின் சாப்பிட்டால், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற கடுமையான ஒவ்வாமை வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். தோல் தீக்காயம் பட்டதுபோல் உரியும். வாய், கண், பிறப்புறுப்பின் உள்தோல் புண்ணாகும். கண்பார்வை போனவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. 2004இல் வெளியான தைவான் ஆய்வில், கார்பமசெபினால் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 சீன நோயாளிகளில் 44 பேருக்கும் இந்த வகை இருந்தது. அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிட்டவர்களில் 3 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது.

நாத்தனார் சொல்வதற்கு ஓர் அடிப்படை இல்லாமல் இல்லை. இந்த வகை சீனர், மலாய்க்காரர்களிடம் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. 2012இல் வந்த சிங்கப்பூர் ஆய்வொன்று, சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இந்தப் பரிசோதனை செலவுக்கேற்ற பயன் தரும், இந்தியருக்கு அந்த அளவுக்கு இல்லை என்றது. அது ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சேர்த்துப் போடும் பட்ஜெட் கணக்கு. 2013 ஏப்ரலில் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் மருத்துவர்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில், ஆசிய வம்சாவளி நோயாளிக்குக் கார்பமசெபினைப் புதிதாகத் தொடங்குமுன் இந்தப் பரிசோதனை வழக்கமான சிகிச்சைத் தரம் என்றே சொன்னார்கள். அட்டையில் என்ன இனம் என்ற நிபந்தனை அதில் இல்லை.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கும். உங்களிடம் உள்ள இரண்டில் ஒன்று தமிழ் அப்பா தந்தது, மற்றது சீன அம்மா தந்தது. மகனுக்கு நீங்கள் கொடுத்தது இவற்றில் ஏதோ ஒன்று. அதாவது, பாட்டியின் பிரதி பேரனிடம் இருக்கும் வாய்ப்பு சரிபாதி. ஆபத்துக்கு ஒரே பிரதி போதும். கணவர் பக்கப் பிரதியிலும் வாய்ப்பு குறைவே தவிர, இல்லையென்று சொல்ல முடியாது. பையனின் பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியர்’ என்று எழுதியிருப்பதால் இதில் எதுவும் மாறிவிடாது.

பரிசோதனைக்குச் சிறிதளவு ரத்தம் போதும், வாழ்நாளில் ஒரு முறை எடுத்தால் போதும். முடிவு வரும்வரை வலிப்பைக் கட்டுப்படுத்த வேறு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பரிசோதனைக்காகக் காத்திருக்கிறோம் என்று பையனை மருந்தே இல்லாமல் விட்டுவிடக்கூடாது.

இருக்கிறது என்று முடிவு வந்தால் கார்பமசெபினைத் தவிர்ப்பார்கள். ஒக்ஸ்கார்பசெபின், ஃபெனிட்டோயின் போன்ற உறவுக்கார மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். லெவெடிராசெட்டம் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. அதற்கும் எரிச்சல், கோபம் போன்ற தொல்லைகள் சில பிள்ளைகளிடம் வரும் என்பதால், பள்ளியில் நடத்தை மாறினால் சொல்லுங்கள். முடிவைத் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில் மருந்து எச்சரிக்கையாகப் பதியச் சொல்லி, அச்சுப் பிரதி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து இன்னொரு மருத்துவர் நரம்பு வலிக்கு இதே மாத்திரையை எழுதலாம்.

இல்லை என்று வந்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, பூஜ்யமாகிவிடாது. எச்எல்ஏ-ஏ 31:01 போன்ற வேறு வகைகளும் ஒவ்வாமையோடு தொடர்புடையவை. முதல் மூன்று மாதம் கவனமாக இருங்கள். காய்ச்சலோடு தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, தொட்டால் வலிக்கும் தோல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், மாத்திரை அட்டையோடு அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை வைத்து இரண்டு நாள் வீட்டில் பார்க்கும் வழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. இந்த மருந்து சாப்பிடும் பிள்ளையிடம் அது வேண்டவே வேண்டாம்.

காப்புறுதி பற்றி: இது எதிர்கால நோயைக் கணிக்கும் சோதனை இல்லை, மருந்துப் பாதுகாப்புச் சோதனை. மரபணுச் சோதனையும் காப்புறுதியும் தொடர்பாக 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் கொண்டுவந்த கட்டுப்பாட்டின்படி, நோயைக் கணிக்கும் சோதனை எடுத்துவரச் சொல்லிக் காப்புறுதி நிறுவனம் யாரையும் வற்புறுத்தக்கூடாது. வலிப்பு நோயை மட்டும் விண்ணப்பத்தில் மறைக்க முடியாது. அது பரிசோதனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சொல்ல வேண்டியதே.

5 மில்லிகிராம் குறைத்து மதிப்பிட்டதா?

இல்லை. உங்கள் தோழிக்கு 20, உங்களுக்கு 5 என்பதைப் பார்த்தால் ஓரவஞ்சனைபோலத் தெரியும். 2005இல் வெளியான ஆய்வு ஒன்று சிங்கப்பூரிலேயே நடந்தது. இங்கே வாழும் வெள்ளையருக்கும் ஆசியருக்கும் ஒரே அளவு ரொசுவாஸ்டாட்டின் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்தார்கள். வெள்ளையரைவிடச் சீனரிடம் சுமார் 2.3 மடங்கு, மலாய்க்காரரிடம் 1.9 மடங்கு, இந்தியரிடம் 1.6 மடங்கு இருந்தது. எல்லாரும் ஒரே ஊரில் வாழ்பவர்கள் என்பதால் இதைச் சாப்பாடு, தட்பவெப்பம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. மருந்தைக் குடலிலும் கல்லீரலிலும் கடத்தும் புரதங்களின் மரபணு வகைகளுக்கு இதில் பங்கு உண்டு. மருந்து ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்தால் தசை பாதிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால்தான் மருந்தின் குறிப்பேட்டிலேயே ஆசியருக்கு 5 மில்லிகிராம் தொடக்கம் என்று இருக்கிறது.

இந்த மூன்று எண்களும் சராசரிகள். 2.3க்கும் 1.6க்கும் நடுவில் எங்கோ நீங்கள் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாததற்குக் காரணம், இங்கே அசலை அளப்பது மிக எளிது. 5 மில்லிகிராமே கெட்ட கொழுப்பை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கக்கூடியது. உங்கள் 4.6 அப்படியானால் 2.8 அளவுக்கு இறங்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடியும் ரத்தம் எடுங்கள். இலக்கை எட்டவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 விழுக்காடுதான் என்பதால், இருபதை எடுத்த எடுப்பில் கேட்டு வாங்குவதில் பெரிய லாபமும் இல்லை. தோள், தொடைத் தசை காரணமில்லாமல் வலித்தாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். பிள்ளை பெறும் எண்ணம் இன்னும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்து தேவையா என்ற முடிவில்தான் இனம் வேறு விதமாக நுழைகிறது. இங்குள்ள இதய ஆபத்துக் கணிப்பில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், உங்களுக்கென்று கட்டம் இல்லை. இரண்டு கட்டத்திலும் போட்டுப் பார்க்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். இரண்டும் ஒரே ஆபத்துப் பிரிவில் விழுந்தால் பிரச்சினை முடிந்தது. வேறு வேறு பிரிவில் விழுந்தால் குடும்ப வரலாறு பேசும்: பெற்றோர், உடன்பிறந்தோரில் ஆண் 55 வயதுக்குமுன், பெண் 65 வயதுக்குமுன் மாரடைப்புக் கண்டிருக்கிறார்களா? லிப்போபுரோட்டீன்-ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் உதவும். தெற்காசியரிடம் இது கூடுதலாக இருப்பதுண்டு. பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகும் அளவு என்பதால் ஒரு முறை பார்த்தால் போதும். ஆளையே அளந்துவிட்டால் கட்டம் பின்னுக்குப் போய்விடும்.

‘உங்கள் ஆட்களுக்கு’

உங்கள் உடல் எடைக் குறியீடு 24. சிங்கப்பூரில் 23க்கு மேல் மிதமான ஆபத்து, 27.5க்கு மேல் அதிக ஆபத்து. இது உங்கள் தந்தையின் இனத்துக்கென்று போட்ட கோடு இல்லை, இங்கே எல்லா இனத்தவருக்கும் ஒன்றே. 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியரிடம் ஆபத்து தொடங்கும் எண் நாட்டுக்கு நாடு 22 முதல் 25 வரை மாறுகிறது என்று கண்டு, 23 என்பதை நடைமுறைக்கான புள்ளியாகச் சொன்னது. நடுவில் போட்ட தோராயக் கோடு அது. இங்கேயும் அசலை அளக்க வழி உண்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் நாடாவைச் சுற்றுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது, ஆண்களுக்கு 90. பாவாடை நாடா கட்டும் இடம் அதுவல்ல. பலர் அங்கே அளந்து ஏமாந்து போகிறார்கள்.

நீரிழிவு விஷயத்திலும் எண்ணை எண்ணாகவே பாருங்கள். 2010 தேசியச் சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்குள் சீனரில் 9.7, மலாய்க்காரரில் 16.6, இந்தியரில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதில் எவ்வளவு மரபணு, எவ்வளவு எடை, வேலை நேரம், உணவு, பணவசதி என்று அந்த எண் பிரித்துச் சொல்வதில்லை. நூறு இந்தியரில் 82 பேருக்கு மேல் நீரிழிவு இல்லை என்பதும் அதே எண்தான். உங்களுக்கு 40 தாண்டிவிட்டதால் எந்த இனமானாலும் சர்க்கரைப் பரிசோதனை எடுக்க வேண்டிய வயது.

பிரியாணிப் பேச்சுக்கு வருகிறேன். அட்டையைப் பார்த்துச் சாப்பாட்டை ஊகித்தது தவறு, அது வைத்தியமும் ஆகாது. உங்கள் வீட்டில் உப்பும் கொழுப்பும் சோயா சாஸிலும் பன்றி இறைச்சியிலும் வந்திருந்தால், பிரியாணியைக் குறைத்து என்ன பயன்? அடுத்த முறை மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிக் கொண்டுபோய், “டாக்டர், நான் உண்மையில் சாப்பிடுவது இது, எதைக் குறைக்கலாம்?” என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் அந்தத் தாளைப் பார்த்ததும் பேச்சின் போக்கை மாற்றிக்கொள்வார்கள். மறுபடியும் அதே தொனி என்றால், மருந்தகத்தின் கருத்துரைப் பிரிவுக்கு நாள், நேரம், சொன்ன வாக்கியம் மூன்றையும் எழுதி அனுப்பலாம். 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குடிமைச் சட்டம் 37ஆம் பிரிவும், நோயாளி முடிவெடுக்கத் தேவையான தகவலை மருத்துவர் தரவேண்டும் என்கிறது. “எதனால் எனக்கு இந்த அளவு?” என்று கேட்பது உங்கள் உரிமை.

சிறுநீரகக் கணக்கு

இதைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற தசைக் கழிவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட அமெரிக்காவில் 1999 முதல் புழங்கிய சூத்திரங்களில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் மட்டும் வந்த விடையை ஒரு எண்ணால் பெருக்கினார்கள். 2009 சூத்திரத்தில் அந்த எண் 1.159. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்ற ஊகம் அதற்குப் பின்னால் இருந்தது. மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் சேர அந்த விடை 20க்குள் இருக்க வேண்டும். சூத்திரம் 18 என்று காட்டினால் வெள்ளையர் சேர்ந்துவிடுவார். அதே ரத்த முடிவுள்ள கறுப்பினத்தவருக்கு 20.9 என்று வந்து, அவர் காத்திருக்க வேண்டும். 2021இல் இனமில்லாத புதிய சூத்திரம் வந்தது. ஆசியருக்கு அந்தப் பெருக்கல் இருந்ததே இல்லை. ஆனால் கிரியாட்டினின் தசையைப் பொறுத்தது என்பதால், உங்கள் அப்பாவைப்போல மெலிந்த முதியவருக்குச் சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின்-சி பரிசோதனையும், சிறுநீரில் அல்புமின் அளவும் பார்க்கச் சொல்லலாம்.

அட்டையை மாற்றினால்?

பெற்றோர் வெவ்வேறு இனமானால் 2011 ஜனவரி முதல் இரட்டை இனம் பதியலாம். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு இன ஒதுக்கீடு போன்றவற்றுக்கு முதலில் உள்ள இனத்தையே கணக்கில் எடுப்பார்கள். அம்மாவின் அடையாளமும் பதிவில் இருக்க வேண்டும் என்று விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். மருத்துவக் காரணத்துக்காக என்றால் பயன் குறைவு. ‘இந்தியர்-சீனர்’ என்ற பதிவும் இன்னொரு கட்டம்தான்.

அதைவிட உதவக்கூடியது அரைப் பக்கக் குடும்பத் தாள். நான்கு தாத்தா பாட்டிகளும் எந்த ஊர் வம்சாவளி, யாருக்கு எந்த வயதில் என்ன நோய், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி, உங்களுக்கொன்றும் மகனுக்கொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இனத்தைப் பார்க்காதீர்கள் என்று மருத்துவரிடம் சொல்வதற்குப் பதில் இந்தத் தாளை நீட்டுங்கள். முதல் வேண்டுகோளை அவர் ஏற்றிருந்தால் மகனுக்குப் பரிசோதனையே எழுதியிருக்க மாட்டார்.

அப்பாவின் ஆக்சிஜன் மானி

2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு வீடு கொடுத்த மானிதான் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். அது விரலுக்குள் ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கறுத்த தோலின் நிறமி அந்த ஒளியில் குறுக்கிடுவதால், இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடலாம். 2020இல் வந்த அமெரிக்க ஆய்வில், மானி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் ரத்தக்குழாயில் நேராக அளந்தால் 88க்கும் கீழே இருந்தது, வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. இங்கே ‘இந்தியர்’ என்ற சொல்லால் எந்தப் பயனும் இல்லை. வெளுத்த பஞ்சாபியும் கறுத்த தமிழரும் ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள். பார்க்க வேண்டியது தோலைத்தான்.

அப்பாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, விரலை அசைக்காமல் எண் நிலைக்கும்வரை காத்திருந்து குறியுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே விரல். உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் அவருக்கு வழக்கமாக வரும் எண் எது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து 3 புள்ளி குறைந்தால் மருத்துவரை அழையுங்கள். அடுத்த முறை மருத்துவமனையில் ரத்தக்குழாயில் ஆக்சிஜன் அளக்க நேர்ந்தால், அதே நேரத்தில் வீட்டு மானியையும் மாட்டி எவ்வளவு வித்தியாசம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மானி 95 காட்டினாலும், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழைத்துவிடுங்கள்.